பவுனாம்பாளுக்கு வைத்த பூசை

அறுபதைத் தாண்டிய என் சேக்காளிகளே, மூட்டுவலிக்கு எந்தத் தைலம், சர்க்கரைக்கு எந்தக் கஞ்சி என்றெல்லாம் நிறையப் பேசியாகிவிட்டது. இன்றைக்குப் பேய்களைப் பற்றிப் பேசுவோம். கண்ணில் புரை நீக்கிக்கொண்ட பிறகு எனக்கு எழுத்து பளிச்சென்று தெரிகிறது. என் மகள் ஒரு சின்னக் கருவியில் புத்தகங்களை ஏற்றிக் கொடுத்திருக்கிறாள். எழுத்தை வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கிக்கொள்ளலாம். இந்த மழைக்காலம் முழுக்கச் சிதம்பரத்தில் என் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து பேய்க்கதையும் மாயாஜாலக் கதையுமாகப் படித்துத் தள்ளினேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஆளைப் பார்க்காமல் குரலை மட்டும் கேட்டே காலம் தள்ளியவளுக்குப் பேய் ஒன்றும் புதிதல்ல.

முதலில் படித்தது அடுக்குமாடிக் குடியிருப்பில் பேய் வருகிற நாவல். பேய் லிஃப்டில் வருகிறது, லிஃப்டிலேயே போகிறது. அதற்கு ஊர் இல்லை, உறவு இல்லை, பிடித்த குழம்பு இல்லை. சுவரெல்லாம் ரத்தம் வழிய வைப்பதிலேயே எழுதியவருக்குக் கண். எனக்கோ அந்த ரத்தத்தை யார் துடைப்பார்கள் என்று கவலை. வீட்டு வேலைக்கு வருகிற பெண்மணியை ஓர் அத்தியாயத்திலும் காணோம். கடைசியில் ஒரு படித்த வாலிபன் வந்து ஏதோ இயந்திரத்தை வைத்துப் பேயை ஒழித்துக்கட்டுகிறான். எல்லோரும் நிம்மதியாகக் காபி குடிக்கிறார்கள். செத்தவள் ஏன் செத்தாள் என்று அந்த வீட்டில் ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அடுத்தது இறக்கை முளைத்த நாகங்கள் பறக்கிற மாயாஜால நாவல், பல பாகங்கள் கொண்டது. முதல் பக்கத்தில் நாட்டுப் படம், அடுத்த பக்கத்தில் ராஜ வம்சம். யாருக்கு யார் கொழுந்தன் என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பதற்குள் என் காபி ஆறிப்போனது. நாகங்கள் நெருப்புக் கக்குவது நன்றாகத்தான் இருக்கிறது. அதைவிட எனக்குப் பிடித்தது அதில் வருகிற சூனியக்காரக் கிழவி. ஒவ்வொரு மந்திரத்துக்கும் விலையாகத் தன் ஞாபகம் ஒன்றைக் கொடுத்துவிட வேண்டும் அவள். கடைசியில் தன் வீட்டு வாசலிலேயே நின்று, இது யார் வீடு என்று கேட்கிறாள். அந்த இடத்தில் கருவியைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். அந்த ஒரு பக்கத்துக்காக மற்ற எல்லாப் பக்கங்களையும் மன்னித்துவிட்டேன்.

நம்மூர்ப் பையன் ஒருத்தன் எழுதிய சிறுகதையும் படித்தேன். கடலோடு போய்ச் செத்த மீனவன் சாயங்காலம் சாயங்காலம் வந்து வாசலில் நிற்கிறான். பெண்டாட்டி பயப்படவில்லை. "இன்னிக்கும் துணி ஈரமா" என்று திட்டிவிட்டுத் துண்டை எடுத்துக் கொடுக்கிறாள். எழுதிய இந்தப் பையன் பிழைத்துக்கொள்வான் என்று நினைத்துக்கொண்டேன். பேயைக் கண்டால் அலறுவது சுலபம். பேய்க்குத் துண்டு எடுத்துக் கொடுக்க ஒரு மனசு வேண்டும். அந்த மனசுக்காரர் ஒருத்தரை எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். அவர் என் அப்பா.

அப்போது எங்கள் வீடு கடலூரில். அப்பா கடலூர் சிதம்பரம் தடத்தில் பஸ் கண்டக்டர். அதிகம் பேசமாட்டார். டிக்கெட் மையும் டீசலும் கலந்த வாசனை அவர் காக்கிச் சட்டையில் துவைத்தாலும் போகாது. அவருக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் என்று அம்மா சொல்வது, வாரப் பத்திரிகையில் வரும் பேய்த் தொடர்கதை. பத்திரிகை சிதம்பரம் பஸ் நிலையக் கடைக்கு வந்ததும் வாங்கிவிடுவார். நமக்கெல்லாம் நினைவிருக்கும், அந்தக் காலத்தில் ஒரு வாரம் காத்திருப்பது என்றால் என்ன என்று. பேய் கதவைத் தட்டும், 'தொடரும்' என்று போட்டுவிடுவார்கள். அந்தக் கதவு திறக்க அடுத்த வாரம்வரை பொறுக்க வேண்டும். இப்போது விரலை அசைத்தால் கதவு திறந்துவிடுகிறது. அதனால்தான் இப்போதைய பேய்கள் பயமுறுத்த இவ்வளவு பாடுபடுகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்பாவுக்கு ஓய்வு நாள் என்றால் என்னை சைக்கிளில் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் கூட்டிப்போவார். கரையில் இழுத்துப் போட்ட படகு நிழலில் உட்கார்ந்து, வேர்க்கடலைப் பொட்டலத்தை என் மடியில் வைத்துவிட்டுக் கதையைப் படிப்பார். கருவாட்டு நாற்றமும் அப்பாவின் தணிந்த குரலும் சேர்ந்தால்தான் எனக்குப் பேய்க்கதை. நல்ல வெயிலில், அலைச் சத்தத்தில், எனக்கு முதுகு சில்லிட்டுப் போகும்.

கதை இதுதான். உப்பளத்துப் பக்கம் ஒரு கிராமம். அங்கே பவுனாம்பாள் என்று ஒரு பேய். பிரசவத்தில் செத்தவள். இருட்டினால் வருவாள். கொடியில் காயும் குழந்தைத் துணி காணாமல் போகும். பிள்ளைக்குப் பால் புகட்டுகிற பாலாடை காணாமல் போகும். தூளிப் புடவை காணாமல் போகும். அடுத்தது குழந்தையைத்தான் தூக்கப்போகிறாள் என்று ஊரே நடுங்கிப்போய் அவளைப் பிடித்துக் கட்ட மந்திரவாதியைக் கூட்டிவருகிறது. இந்த நினைவுக் குறிப்பில் பெயரோடு வருகிற ஒரே ஆள் அவள்தான். உயிரோடு இல்லாதவள், இருந்ததும் இல்லாதவள்.

மந்திரவாதி வந்தான் என்ற இடத்தில் தொடரும் போட்டிருந்தது. அடுத்த ஓய்வு நாளில் நான் ஆசையாகப் படகு நிழலில் உட்கார்ந்தால், அப்பா பத்திரிகையையே எடுக்கவில்லை.

"இந்த வாரம் கத வரல கண்ணு. எழுதுறவருக்கு ஒடம்பு சரியில்லியாம்."

அதற்கப்புறம் அவர் படிப்பதையே விட்டுவிட்டார். நான் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனேன்.

அதற்குச் சற்று முன்பு எங்கள் வீட்டில் நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். கோடைக்குப் பிறகு அம்மா பெரிய வயிற்றோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள், வெறுங்கையோடு திரும்பி வந்தாள். குழந்தை பிறந்த கையோடு போய்விட்டது. நாங்கள் கத்தோலிக்கர்கள்; ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றக்கூட நேரமில்லை. ஞானஸ்நானம் பெறாத குழந்தையைக் கல்லறைத் தோட்டத்துக்குள் புதைக்காமல், சுவருக்கு வெளியே முள்ளுச்செடி ஓரம் புதைப்பது அன்றைக்கு எங்கள் பக்கத்தில் இருந்த வழக்கம். பெயர் இல்லை, சிலுவை இல்லை, பூசையும் இல்லை. அப்பா ஒருவரே ஒரு துண்டில் சுற்றி எடுத்துப்போய் வைத்துவிட்டு வந்தார். எனக்கு, "சாமி பாப்பாவ அனுப்பல" என்று சொன்னார்கள். பெரியவர்கள் எல்லோரும் கூடி, அம்மாவுக்கு அதை ஞாபகப்படுத்தவே கூடாது என்று முடிவு செய்தார்கள். தொட்டில் போனது, தைத்து வைத்த சின்னச் சட்டைகள் போயின. நல்லது செய்கிறோம் என்றுதான் செய்தார்கள். அழ வேண்டியவளுக்கு அழ ஓர் இடம்கூட வைக்காமல் வீட்டைத் துடைத்து வைத்துவிட்டார்கள் என்பது எனக்கே பிள்ளை பிறந்த பிறகுதான் புரிந்தது.

நவம்பர் வந்தது. கத்தோலிக்கர்களுக்கு அது ஆத்துமாக்களின் மாதம். கல்லறைத் திருநாளன்று செத்தவர்களின் கல்லறையைக் கழுவிச் சாமந்திப் பூ போட்டு மெழுகுவர்த்தி ஏற்றுவோம். நாங்கள் பிள்ளைகள் கல்லறைகளின் நடுவே உட்கார்ந்து பொரியுருண்டை தின்போம். அதனால் இன்றைக்கும் எந்த எழுத்தாளர் சுடுகாட்டைக் காட்டி என்னைப் பயமுறுத்தப் பார்த்தாலும் எனக்குப் பொரியுருண்டைதான் ஞாபகம் வரும். அந்த மாதம் முழுக்க ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டு மரித்தோரின் பெயர்களை மாதா கோயில் காரியங்களைப் பார்க்கிற உபதேசியாரிடம் சொல்லி வைக்கும். பங்குச் சாமியார் பூசையில் அந்தப் பெயர்களைப் படித்து ஆன்ம இளைப்பாற்றிக்காக மன்றாடுவார்.

ஞாயிற்றுக்கிழமைக் காலைப் பூசை. எங்கள் வீட்டு முறை வந்தது. சாமியார் எங்கள் தாத்தா பெயரைப் படித்தார், பெரியப்பா பெயரைப் படித்தார். அடுத்து, அதே குரலில், "பவுனாம்பாள்" என்றார்.

பெண்கள் பக்கத்தில் முக்காடுகள் எல்லாம் அம்மாவை நோக்கித் திரும்பின. ஞானஸ்நானப் பெயர் இல்லாத ஒரு பெண், வேற்று மதத்துப் பெண், எங்கள் வீட்டுச் செத்தவர்களோடு வரிசையில் நிற்கிறாள். எனக்கோ வாய்கொள்ளாத சந்தோஷம். நம்ம பேய்க்குப் பூசை!

வாசலில் உபதேசியார் மனைவி அம்மாவைப் பிடித்துக்கொண்டாள்.

"யாரும்மா அது பவுனாம்பா? ஒங்க வூட்டுக்காரருதான் வந்து பேரு சொன்னாருன்னு இவுரு சொல்றாரு. ஒறவா?"

அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு அப்பாவிடம் கேட்டாள்.

"யாரு அவ?"

"கதையில வர்றவ."

"என்னாது?"

"பத்திரிகையில வருதுல்ல, அந்தக் கதையில."

"கதையில வர்றவளுக்கு எவனாவது பூச வெப்பானா? யாருக்குக் காது குத்துறீங்க?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். குழந்தையின் பேச்சையே எடுக்கக் கூடாது என்று பெரியவர்களிடம் ஒப்புக்கொண்டவர், அதைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாமல் நின்றார் என்பது எனக்கு அப்போது தெரியாது. நான்தான் குறுக்கே பாய்ந்தேன். "ஆமாம்மா, அது பேயிம்மா! பாலாடையெல்லாம் திருடும், புள்ளயத் தூக்கிட்டுப் போவும்!" என்றேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். பிள்ளை தூக்குகிற பிசாசுக்கு, பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டிலிருந்து பூசையா? நான் அப்பாவுக்காகப் பேசப்போய், அவர் மகளுக்கும் பொய் சொல்லிக் கொடுத்து வைத்திருக்கிறார் என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? கண்டக்டருக்கு ஸ்டாப்புக்கு ஸ்டாப் ஆள் உண்டு என்று சிரிப்பு. பரங்கிப்பேட்டைக்காரி என்றார் ஒருவர், புவனகிரி என்றார் இன்னொருவர். இல்லாத பவுனாம்பாளுக்கு ஆளுக்கொரு ஊரும் தெருவும் கொடுத்தார்கள். எங்கள் தெருக்காரர்களின் கற்பனை வளம், நான் இப்போது படித்த அந்த லிஃப்ட் நாவலாசிரியருக்கு இருந்திருந்தால் அவர் எங்கேயோ போயிருப்பார்.

மழை லீவு விட்டார்கள். அம்மா என்னையும் ஒரு டிரங்குப் பெட்டியையும் இழுத்துக்கொண்டு சிதம்பரத்தில் மாமா வீட்டுக்குக் கிளம்பினாள். அப்பா பஸ்ஸில் ஏறவேண்டி வந்துவிடுமோ என்று ரயிலில் போனோம்.

மாமா வீடு பஸ் நிலையத்துக்குப் பக்கம். தெருவில் முழங்கால் தண்ணீர். அடுப்பங்கரையில் எப்போதும் அத்தை வைக்கிற கத்தரிக்காய் கொத்சு வாசனை. அப்பா ஒரு நாள் பஸ் நிற்கிற நேரத்தில் நனைந்துகொண்டே வந்து தெருவில் நின்றார். அம்மா வெளியே வரவில்லை. அத்தைதான் காபி கொடுத்தாள். மாமா வாசலில் நின்று, "அவ கோவம் எறங்கட்டும் மச்சான். இப்ப ஒண்ணும் பேசாதீங்க" என்றார். அப்பா என் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார். அன்று சாயங்காலம் மாமா அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

"அரப் பரீட்ச முடிஞ்சதும் பொண்ண இங்கயே இஸ்கூல்ல சேத்துடலாம். நீ எதுக்கு அங்க போயி அசிங்கப்படணும்?"

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போனாள். அப்பா இல்லாமல் இனி இங்கேதானா?

என்னைக் காப்பாற்றியது அத்தையின் ஊசியும் நூலும். நம் வீட்டுப் பெண்கள் அப்போது செய்ததுதான். பத்திரிகை படித்து முடித்ததும் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கிழித்து அடுக்கி, கோணி ஊசியால் தைத்து, காலண்டர் அட்டை போட்டு வைப்பார்கள். பக்கத்தின் மறுபுறம் சமையல் குறிப்பும் பாதி விளம்பரமும் இருக்கும். அத்தையின் பரண் முழுக்க அப்படித் தைத்த கதைகள். பின்னால் வந்த ஒரு வெள்ளத்தில் எல்லாம் கூழாகிவிட்டன. எந்தக் கருவியில் எத்தனை ஆயிரம் புத்தகம் ஏற்றிக்கொடுத்தாலும் அந்த நூல் முடிச்சு விரலில் இடறுகிற சுகம் வராது. பரணைக் கிளறியபோது, பவுனாம்பாள் விரித்த தலையோடு முதல் பக்கத்தில் நின்றாள். தூக்கிக்கொண்டு அம்மாவிடம் ஓடினேன். அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் சொன்னேன்ல? பாரும்மா, பவுனாம்பா!"

அம்மா படத்தைப் பார்த்தாள். பெயரைப் பார்த்தாள்.

"படி பாக்கலாம்" என்றாள், சாட்சியை விசாரிக்கிற மாதிரி.

படித்தேன். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற குரலில், மூச்சு விடாமல். துணி காணாமல் போனது, பாலாடை காணாமல் போனது. அம்மா அரிசியைப் புடைத்துக்கொண்டே இருந்தாள். "இதுக்குத்தான் பூசையா" என்று ஒரு தடவை முணுமுணுத்தாள். மந்திரவாதி வந்தான். அதற்கு அடுத்த பக்கத்தைப் புரட்டினால், வரவில்லை என்று அப்பா சொன்ன வாரம் அங்கே இருந்தது. எழுதியவருக்கு உடம்பு நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

மந்திரவாதியும் ஊர்க்காரர்களும் பவுனாம்பாளின் பின்னாலேயே போகிறார்கள். அவள் ஏரிக்கரை தாண்டி, பெயர் வைக்குமுன் செத்த பிள்ளைகளை ஊரார் புதைக்கிற மேட்டுக்குப் போகிறாள். அங்கே மரத்துக்கு மரம் தூளி தொங்குகிறது. திருடிய துணியெல்லாம் அந்தப் பிள்ளைகளின் மேல் போர்த்தியிருக்கிறது. உயிரோடு இருக்கிற ஒரு பிள்ளையையும் அவள் தொட்டதில்லை. யாரும் கேட்காத பிள்ளைகளைத்தான் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பாலாடையால் புகட்டுகிறாள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்துக் கூப்பிட்டுத் தாலாட்டுகிறாள். மந்திரவாதி, அவளை மரத்தில் அறைந்து கட்டக் கொண்டுவந்த ஆணியைக் கீழே போட்டுவிடுகிறான்.

முறத்தின் சத்தம் நின்றிருந்தது.

"இன்னொரு தடவ படி" என்றாள் அம்மா.

படித்தேன். பாதியில் நிமிர்ந்து பார்த்தால் அம்மா அழுதுகொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததற்கப்புறம் அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான். சத்தம் கேட்டு அத்தை ஓடிவந்தாள். என் கையில் இருந்ததைப் பிடுங்கி, "பேய்க்கதையப் படிச்சிக் காட்டி அம்மாவ அழ வெக்கிறியா?" என்று தலையில் ஒரு குட்டு வைத்தாள். அத்தையும் அந்தப் பக்கங்களைப் படித்தவள்தான். பேய்க்கதை என்றால் பயப்படுவதற்கு என்றே படித்திருப்பாள் போலிருக்கிறது.

இதனால்தான் இன்றைக்குப் புதிய புத்தகம் எதையும் நான் ஒரே கேள்வியை வைத்து மதிப்பிடுகிறேன். இதில் வருகிற பேய்க்காக யாராவது ஒரு பூசை வைப்பார்களா? அந்த நாகங்கள் நாவலின் கிழவிக்கு நான் வைப்பேன். வாசலில் ஈரத்தோடு நிற்கிற மீனவனுக்கு வைப்பேன். லிஃப்ட் பேய்க்கு வைக்கலாம் என்றால் அதற்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை அந்த எழுத்தாளர்.

மறுநாள் காலை அம்மா டிரங்குப் பெட்டியை மூடினாள்.

"மழ விடட்டுமே" என்றாள் அத்தை.

"இல்ல அண்ணி. அவுரு வண்டி இப்ப வந்துடும்" என்றாள் அம்மா.

பஸ் நிலையத்தில் அப்பாவின் பஸ் நின்றிருந்தது. ஏறி முன்பக்கம் பெண்கள் சீட்டில் உட்கார்ந்தோம். கூரையில் மழை கொட்டியது. அப்பா பின்னாலிருந்து டிக்கெட் கிழித்துக்கொண்டே வந்தார், எங்களைப் பார்த்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டார். எங்கே போகணும் என்று கேட்கவா, கேட்காமல் விடவா என்று தெரியாமல் நின்றார்.

அம்மா அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"நம்ம புள்ளய அவ நல்லா வெச்சிருக்காளா?" என்று கேட்டாள்.

அப்பா தோள்பையை ஒதுக்கிக்கொண்டு அவள் பக்கம் குனிந்தார்.

"நல்லா வெச்சிருக்கா" என்றார்.

"என்னா பேரு சொல்லிக் கூப்புடுறாளாம்?"

"நீ சொல்லு. அதையே கூப்புடச் சொல்லுவோம்."

டிரைவர் திரும்பிப் பார்த்து, "என்னாண்ணே, ரைட்டா?" என்று கத்தினார். அப்பா காதில் வாங்கவில்லை. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அத்தனை பேர் நடுவில், தான் மனசுக்குள்ளேயே வைத்திருந்த பெயரைச் சொன்னாள். அது ஆண் பிள்ளைப் பெயர். எனக்கு ஒரு தம்பி இருந்தான் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.